கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளி

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தில், ஹார்ஷம் நகருக்கு அருகே அமைந்துள்ள உறைவிடப் பள்ளி கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். 11 முதல் 18 வயது வரையிலான ஆண்களும் பெண்களும், ஏறத்தாழ 900 பேர், இங்கே படிக்கிறார்கள். 1552இல் லண்டன் மாநகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளி 1902இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. மாணவர்கள் அணியும் நீண்ட நீல அங்கியால் இதற்கு நீல அங்கிப் பள்ளி என்ற பெயரும் உண்டு. ஈட்டன், ஹாரோ போன்ற புகழ்பெற்ற ஆங்கில உறைவிடப் பள்ளிகள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளாகவே ஆகிவிட்ட நிலையில், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உண்ண உணவும் உடுக்கத் துணியும் கல்வியும் தரும் கடமையை ஒருநாளும் முழுவதுமாகக் கைவிடாதது இதன் தனிச்சிறப்பு. அந்தக் கடமையிலிருந்து வழுவிய காலங்களும் உண்டு. பள்ளியின் வரலாற்றில் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதிகளும் அவையே.

எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது, அவற்றை அண்டி வாழ்ந்த ஏழைகள் போக்கிடமின்றி லண்டன் தெருக்களுக்கு வந்து சேர்ந்தனர். அவருடைய மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் லண்டன் பேராயர் நிக்கலஸ் ரிட்லி இந்த அவலத்தை அரசர் முன்னிலையில் எடுத்துரைத்தார். மேயர் ரிச்சர்ட் டாப்ஸும் நகரப் பெருமக்களும் வீடு வீடாகவும் ஆலயம் ஆலயமாகவும் நிதி திரட்டினர். மூன்று நிறுவனங்கள் உருவாயின. நோயாளிகளுக்கு செயின்ட் தாமஸ் மருத்துவமனை, வேலையின்றித் திரிவோருக்கு பிரைட்வெல், குழந்தைகளுக்கு கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல். அந்நாளில் ஹாஸ்பிட்டல் என்பது புகலிடத்தைக் குறித்ததால், பள்ளியின் பெயருக்கும் வைத்தியத்துக்கும் தொடர்பில்லை. நியூகேட் தெருவில், பிரான்சிஸ்கன் துறவிகள் விட்டுச்சென்ற மடத்துக் கட்டடங்களில், 1552 நவம்பரில் சுமார் 380 குழந்தைகளோடு பள்ளி தொடங்கியது. கைக்குழந்தைகளும் இருந்தனர். அவர்களைக் கிராமப்புறச் செவிலித்தாயரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பெண் குழந்தைகளும் முதல் நாளிலிருந்தே இருந்தனர். 1553 ஜூன் மாதம் அரச சாசனம் கிடைத்தது. சில நாட்களில், 15 வயதே ஆகியிருந்த எட்வர்ட் இறந்துபோனார்.

சீருடையின் கதையும் அப்போதே தொடங்குகிறது. முதல் கிறிஸ்துமஸின்போது குழந்தைகள் செம்பழுப்பு உடையில் நகர மக்கள் முன் நிறுத்தப்பட்டார்கள். அடுத்த ஈஸ்டருக்குள் அது நீலமாகியிருந்தது. நீலம் அக்காலத்தில் மலிவான சாயம், வேலைக்காரர்களும் தொழில் பழகும் சிறுவர்களும் உடுத்திய நிறம். கணுக்காலைத் தொடும் அங்கி, இடையில் தோல் கச்சை, முழங்கால் வரையிலான கால்சட்டை, மஞ்சள் நிற நீண்ட காலுறை, கழுத்தில் வெள்ளைத் துணிப்பட்டை என அமைந்த உடை பெரிய மாற்றமின்றி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளை அடையாளம் காட்ட உருவான உடுப்பு காலப்போக்கில் பெருமைக்குரியதாக மாறியது. அதை வைத்துக்கொள்வதா கைவிடுவதா என்று பள்ளி மாணவர்களிடமே கேட்டபோதும், வைத்துக்கொள்ளவே மிகப் பெரும்பான்மையோர் வாக்களித்தனர். சீருடை இன்றும் இலவசமாகவே வழங்கப்படுகிறது.

1665இன் கொள்ளைநோயும் 1666இன் பெருந்தீயும் பள்ளியைக் கடுமையாகத் தாக்கின. கட்டடங்களில் பெரும்பகுதி எரிந்துபோக, குழந்தைகளைச் சில காலம் லண்டனுக்கு வெளியே தங்கவைக்க வேண்டியிருந்தது. மீண்டெழுந்த காலத்தில்தான் பள்ளிக்கு அதன் அறிவுப் புகழைத் தேடித்தந்த பிரிவு பிறந்தது. 1673இல் இரண்டாம் சார்லஸ் நிறுவிய அரசக் கணிதப் பள்ளி, 40 சிறுவர்களுக்குக் கணிதமும் கப்பல் செலுத்தும் கலையும் கற்பித்தது. கடற்படை நிர்வாகியும் நாட்குறிப்பு எழுதியவருமான சாமுவேல் பீப்ஸ் இதில் ஆழ்ந்த அக்கறை காட்டி, தரம் சரிந்தபோதெல்லாம் விடாமல் குரல் கொடுத்தார். 1694இல் பாடத்திட்டம் குறித்து ஐசக் நியூட்டனிடம் கருத்துக் கேட்கப்பட்டது. சொல்லிக்கொடுத்ததை மட்டும் செய்யத் தெரிந்தவன் புதிய சிக்கலில் திகைத்து நிற்பான், காரணம் அறிந்து சிந்திப்பவனே வழி காண்பான் என்பது அவருடைய பதிலின் சாரம். படிப்பை முடித்த சிறுவர்கள் கடல்சார் அமைப்பான டிரினிட்டி ஹவுஸின் தேர்வில் தேறிக் கப்பல் தலைவர்களிடம் தொழில் பழகச் சென்றனர். ரஷ்யாவின் மகா பீட்டர் 1701இல் மாஸ்கோவில் கடற்பயணக் கணிதப் பள்ளி தொடங்கியபோது, அங்கு ஆசிரியர்களாகப் போனவர்களில் இருவர் இங்கே படித்த இளைஞர்கள்.

கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் வானியலாளராகச் சென்று அண்டார்டிக் பனிக்கடலைக் கண்டு திரும்பிய வில்லியம் வேல்ஸ், 1775 முதல் 1798இல் இறக்கும்வரை இந்தக் கணிதப் பள்ளியின் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டுகளில் இங்கே படித்தவர் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். கடலையும் பனியையும் பாடும் அவருடைய கிழமாலுமிக் கவிதையில் வேல்ஸின் அனுபவங்களின் சாயல் இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பள்ளியின் வாழ்க்கை மிகத் துல்லியமாகப் பதிவானதும் இந்தக் காலத்தில்தான். கோல்ரிட்ஜ் தந்தையை இழந்து 1782இல் இங்கே சேர்ந்தார். ஒரு வழக்கறிஞரிடம் பணியாளராக இருந்தவரின் மகனும் பின்னாளில் கட்டுரையாளருமான சார்லஸ் லாம் அதே ஆண்டில் சேர்ந்தார். எழுத்தாளர் லீ ஹன்ட் சில ஆண்டுகள் கழித்து வந்தார். மூவரும் பின்னாளில் பள்ளியைப் பற்றி எழுதினார்கள். லாம் இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதலாவது பள்ளியைப் பாராட்டுவது. 1820இல் வந்த இரண்டாவது, லண்டனில் உறவினர் யாருமில்லாத ஒரு சிறுவனின் பார்வையிலிருந்து அதன் கடுமைகளைச் சொல்வது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை பிடிபடும். ரொட்டியும் நீர்த்த பியரும், சுவையற்ற வேகவைத்த இறைச்சியும் உணவு. தப்பி ஓடிய சிறுவர்களைப் படுக்க மட்டுமே இடமுள்ள இருட்டறையில் அடைத்தார்கள். விடுமுறை நாளில் போக வீடில்லாத பிள்ளைகள் லண்டன் தெருக்களைச் சுற்றிவந்தார்கள்.

லாம் சொல்லும் ஒரு நிகழ்ச்சி பள்ளியின் இயல்பை வேறெந்த ஆவணத்தையும்விட நன்றாகக் காட்டுகிறது. மேசையில் மற்றவர்கள் ஒதுக்கிவைத்த கொழுப்புத் துண்டுகளை ஒரு சிறுவன் பொறுக்கி எடுத்துப்போவான். அதைத் தின்பதாகச் சந்தேகித்து எல்லோரும் அவனை ஒதுக்கினார்கள், யாரும் பேசவில்லை, விளையாடவில்லை. பின்தொடர்ந்து பார்த்தபோது, நொடித்துப்போன தன் பெற்றோருக்கு அவன் உணவு கொண்டுபோவது தெரிந்தது. நிர்வாகத்தினர் அந்தக் குடும்பத்துக்கு உதவியதோடு சிறுவனுக்கு வெள்ளிப் பதக்கமும் அளித்தனர்.

இலக்கணப் பிரிவின் தலைமையாசிரியர் ஜேம்ஸ் போயர் பிரம்புக்குப் பேர்போனவர். ஆனாலும், கவிதைக்கும் அதற்கே உரிய கறாரான தர்க்கம் உண்டு, ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் நிற்கக் காரணம் வேண்டும் என்று தமக்குக் கற்பித்தவர் அவர்தான் என்று கோல்ரிட்ஜ் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆங்கிலக் கவிதையின் போக்கை மாற்றிய ஒருவரின் பயிற்சி அந்த வகுப்பறையில் நடந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது. போயரின் பிரம்படிகளை அதைக் காட்டி நியாயப்படுத்தவும் முடியாது.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருசில மூத்த மாணவர்கள் கிரீஷியன்கள் எனப்பட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் சமய ஊழியத்துக்குப் போக வேண்டியவர்கள் என்பதால், திக்குவாய் இருந்த லாமுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்து 33 ஆண்டுகள் வேலை செய்தார். இந்தியாவோடு பள்ளிக்கு இருந்த தொடர்பு அவரோடு முடியவில்லை. கோல்ரிட்ஜின் மூத்த பள்ளித் தோழர் தாமஸ் மிடில்டன் 1814இல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். சென்னை மாகாணமும் அன்று அவருடைய திருமண்டலத்துக்குள் அடங்கியிருந்தது. இங்கே படித்த சட்ட வரலாற்றறிஞர் ஹென்றி மெய்ன் 1862 முதல் 1869 வரை வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினராக இருந்தார். பள்ளியின் விடுதிகள் சில இன்று கோல்ரிட்ஜ், லாம், மிடில்டன், மெய்ன் ஆகியோரின் பெயர்களைத் தாங்கியுள்ளன.

இவ்வளவு புகழும் ஆண்பிள்ளைகளைச் சார்ந்ததே. பெண் குழந்தைகள் 1778 முதல் லண்டனுக்கு வடக்கே உள்ள ஹெர்ட்ஃபர்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போயிற்று. 1860களில் பள்ளிகளை ஆராய்ந்த அரச ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்பிள்ளைகள் படித்த இந்த நிறுவனத்தில் பெண்கள் இருபது பேருக்கும் குறைவாக இருப்பதையும், அவர்களுக்கு வீட்டு வேலைக்கான பயிற்சிக்கு மேல் எதுவும் கிடைக்காததையும் கண்டது. இரு பாலாருக்குமாகக் கொடுக்கப்பட்ட சொத்து ஒரு பாலாருக்கே செலவாகியிருந்தது. நன்கொடையாளர்களுக்குப் பிள்ளைகளை நியமிக்கும் உரிமை இருந்ததால், அனாதைகளுக்கான இடங்கள் மெல்ல நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் போயிருந்தன. 1877இல், தப்பி ஓடியதற்காகத் தண்டிக்கப்பட்ட 12 வயது மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். உள்துறை அமைச்சர் விசாரணைக் குழு அமைத்தார். பொதுமக்களின் கோபம் சீர்திருத்தத்தை மேலும் தள்ளிப்போட முடியாததாக்கியது. 1890இல் அறநிறுவன ஆணையத்தின் திட்டம் நிர்வாகத்தை மாற்றியமைத்தது, ஆண்பிள்ளைகளின் பள்ளியை லண்டனிலிருந்து வெளியேற்ற வழிசெய்தது, பெண்களுக்கு முறையான பள்ளி வேண்டும் என்றது.

ஹார்ஷம் அருகே வாங்கிய சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில் ஆஸ்டன் வெப், இங்ரெஸ் பெல் என்ற கட்டடக் கலைஞர்கள் புதிய பள்ளியைச் செங்கல்லால் எழுப்பினார்கள். 1897இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1902இல் மாணவர்கள் குடியேறினார்கள். பள்ளியின் பெயரிலேயே ரயில் நிலையம் ஒன்றும் திறக்கப்பட்டது. கணிதப் பள்ளி நிறுவப்பட்டதன் நினைவாக அந்தோனியோ வெர்ரியோ தீட்டிய, ஏறத்தாழ 26 மீட்டர் நீள ஓவியம் லண்டனிலிருந்து வந்து புதிய உணவுக்கூடத்தின் சுவரை நிரப்பியது. ஆலயத்துக்கு ஃபிராங்க் பிராங்வின் 16 பெரிய ஓவியங்கள் வரைந்தார். ஹெர்ட்ஃபர்டு வளாகம் முழுவதும் பெண்களின் பள்ளியாயிற்று.

புதிய இடத்தில் அறிவியல் கல்விக்குக் கிடைத்த இடம் அக்கால இங்கிலாந்தில் அரிது. வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், மாணவர் விடையை மனப்பாடம் செய்யாமல் தாமே சோதனை செய்து கண்டறிய வேண்டும் என்ற முறையை வற்புறுத்தியவர். பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்த அவர், அந்த முறையை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டுகளில் படித்தவர்தான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் அணைகளை உடைத்த துள்ளும் குண்டை வடிவமைத்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ். போர்க்காலப் பணிக்காகக் கிடைத்த 10,000 பவுண்டை அவர் பள்ளிக்கே கொடுத்து, விமானப்படையில் இறந்தோர், காயமுற்றோரின் பிள்ளைகள் இங்கே படிக்க நிதியம் அமைத்தார். குண்டு வீசப் போய்த் திரும்பாத வீரர்களின் நினைவு அவரை இறுதிவரை வருத்தியது. முதல் உலகப் போரின் கவிஞர் எட்மண்ட் பிளண்டனும், 1944 ஜூனில் நார்மண்டியில் கொல்லப்பட்ட கவிஞர் கீத் டக்ளஸும் ஹார்ஷம் மாணவர்களே.

1985இல் ஹெர்ட்ஃபர்டு பள்ளி மூடப்பட்டுப் பெண்கள் ஹார்ஷம் வந்தனர். அவர்களும் அதே நீல அங்கியைக் கால்சட்டைக்குப் பதில் பாவாடையோடு அணிகிறார்கள். அண்மைக் கால வரலாற்றில் இருண்ட பகுதியும் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு முன்னர் தொடங்கி மாணவர்களிடம் பாலியல் குற்றங்கள் புரிந்ததற்காக முன்னாள் ஆசிரியர்கள் சிலர் 2018இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் கழித்தே பேச முடிந்தது. வீட்டை விட்டு வந்து பெரியவர்களை நம்பியே வாழும் பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கையே ஆபத்தாகும்போது முறையிட ஆளில்லை என்பதை அந்த வழக்குகள் வெளிப்படுத்தின.

இன்று மாணவர்கள் விடுதி விடுதியாகப் பிரிந்து வாழ்கிறார்கள். நண்பகலில் பள்ளி இசைக்குழு வாசிக்க, விடுதிவாரியாக அணிவகுத்து உணவுக்கூடத்துக்குள் நுழைவது வாரத்தில் பல நாட்கள் நடக்கும் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் உருவான அந்த இசைக்குழு லண்டன் மேயர் ஊர்வலத்திலும் வாசிக்கிறது. உணவுக்கூடத்தில் எல்லா வகுப்பினரும் ஒன்றாகவே உண்கிறார்கள். மேசை ஒழுங்கு, விடுதித் துப்புரவு போன்றவற்றில் மாணவர்களுக்கே முறைவைத்த பொறுப்புகள் உண்டு. கீழ்வகுப்பினர் குறுகிய கச்சை அணிய, மேல்வகுப்பினர் வெள்ளிக் கொக்கியுள்ள அகலமான கச்சைக்கு உயர்கிறார்கள். ஒருகாலத்தில் ஒருசிலருக்கே உரியதாக இருந்த கிரீஷியன் என்ற பெயர் இன்று இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் உரியது. அவர்களுக்குத் தனி விடுதிகள் உண்டு. செப்டம்பரில் வரும் புனித மத்தேயு நாளையொட்டி மாணவர்கள் லண்டனில் அணிவகுத்து மேயர் மாளிகைக்குச் செல்கிறார்கள், மேயர் அவர்களுக்குப் புதிய நாணயங்கள் தருகிறார். நகரத்தார் கூடிப் பிறப்பித்த பள்ளி என்ற உறவு அந்த நாளில் புதுப்பிக்கப்படுகிறது. படிப்பை முடித்துப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் விவிலியம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, தாம் பெற்ற உதவியை இயன்றபோது பிறருக்கும் அளிக்கும் உறுதியை ஏற்கிறார்கள்.

கட்டணம் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து மாறுகிறது. முழுக் கட்டணம் செலுத்துவோரும், எதுவுமே செலுத்தாதோரும் ஒரே விடுதியில் ஒரே உடையில் இருக்கிறார்கள். யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று வெளித்தோற்றத்தில் கண்டுகொள்ள வழியில்லை. அண்மைக் காலத்தில் நாள்தோறும் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களும் சேர்க்கப்படுகிறார்கள். செலவின் பெரும்பகுதியைப் பழைய அறக்கட்டளைச் சொத்துகளும், முன்னாள் மாணவர்களும் லண்டன் தொழிற்குழுமங்களும் தரும் நன்கொடைகளும் ஈடுகட்டுகின்றன. குறிப்பிட்ட தொகை வழங்கும் நன்கொடையாளர் ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்கும் பழைய உரிமை இன்றும் நீடிக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் உண்மையிலேயே உதவி தேவைப்படுவதாக இருக்க வேண்டும், பிள்ளையும் பள்ளியின் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும்.