வெளிநாட்டில் தாலி கட்டியாச்சு, ஜொகூரில் பதிவு செய்தாச்சா?

தாலி கட்டியாச்சு, விருந்து போட்டாச்சு, போட்டோவும் ஏத்தியாச்சு. ஆனால் மலேசியத் தேசியப் பதிவிலாகாவின் பதிவில் நீங்கள் இன்னும் திருமணமாகாதவராகவே இருக்கலாம்.

ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை, தமிழ்நாட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ. இப்படி இரண்டு மூன்று நாடுகளைத் தொட்டு நடக்கும் கல்யாணம் ஜொகூர் தமிழர்களுக்குப் புதிதல்ல. எந்த நாட்டுச் சட்டம் எந்த இடத்தில் பேசும் என்பதில்தான் குழப்பம்.

தாத்தா பாட்டி கல்யாணத்தை யார் ரெஜிஸ்டர் செய்தார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்று. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு மலேசியாவில் நடக்கும் திருமணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கோவில் சடங்கு மட்டும் போதாது.

வெளிநாட்டுத் திருமணம் செல்லுமா?

செல்லும். சட்டத்தின் 104 ஆவது பிரிவு கேட்பது முக்கியமாக இரண்டு விஷயம். திருமணம் நடந்த நாட்டின் சட்டம் ஏற்கும் முறையில் அது நடந்திருக்க வேண்டும். மணமக்கள் இருவருக்கும் மணம் செய்துகொள்ளும் தகுதி இருக்க வேண்டும். முந்தைய திருமணம் சட்டப்படி முடியாமல் இருந்தால் எந்த நாட்டுக்குப் போய்த் தாலி கட்டினாலும் மலேசியா அதை ஏற்காது.

வயது விஷயத்தில் கவனம் தேவை. மலேசியாவில் 21 வயதுக்குக் குறைந்தவர் பொதுவாக அப்பாவின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு மணக்கலாம். இந்தியாவில் ஆணுக்கு 21 ஆகியே தீர வேண்டும், பெற்றோர் சம்மதித்தாலும் சரி. மாமன், அக்கா மகள் உறவும் அப்படித்தான். மலேசியச் சட்டம் இந்துக்களின் வழக்கத்தை மதித்து அதற்கு விலக்கு தருகிறது. சிங்கப்பூரிலோ அமைச்சரின் சிறப்பு உரிமம் வேண்டும்.

தமிழ்நாட்டில் என்றால் லீவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் வழக்கமாகப் போகும் வழி 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் லீவு போட்டுப் போய் இதை முடிக்க முடியாது. எந்த முறையில் நடந்தாலும், தமிழ்நாட்டின் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே நடக்கும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோவில் ரசீதை நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறீர்களா? அங்குள்ள குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க முதலில் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஜொகூரில் வந்து மணந்தாலும் இதே விதிதான். முன்பு வொர்க் பெர்மிட்டில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். அனுமதி இல்லாமல் மணந்தால் பெர்மிட் ரத்தாகலாம், மறுபடி சிங்கப்பூருக்குள் நுழையத் தடையும் வரலாம்.

ஆறு மாசக் கெடு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டில் மணந்த மலேசியக் குடிமக்கள் ஆறு மாதத்துக்குள் அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் ஊர் திரும்பிவிட்டால், திரும்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்கே பதிவிலாகாவில் செய்ய வேண்டும். ஐசி, பாஸ்போர்ட், அசல் திருமணச் சான்றிதழ் அவசியம். சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறினால் 1,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பதிவு இல்லை என்பதற்காக மட்டும் செல்லுபடியான திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் வெளிநாட்டுத் துணைக்கு நீண்டகால வருகை பாஸ் கேட்கப் போனால் குடிநுழைவுத் துறை முகப்பிலேயே நிற்க வேண்டிவரும்.

பெரிய அடி விழுவது குழந்தைக்கு. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர். குழந்தை பிறந்தபோது அவர்களுக்குள் சட்டப்படி திருமணம் இல்லையென்றால், குடியுரிமைக்கு அப்பாவைக் காட்ட முடியாது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதுதான். பிலிப்பீன்ஸில், பெற்றோர் மணப்பதற்கு முன்பே பிறந்த பையன். அப்பா மலேசியர் என்பதில் சந்தேகமே இல்லை. பெற்றோர் பிறகு மணந்தும்விட்டார்கள். ஆனாலும் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவனுக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. கல்யாணத் தேதியும் பிறந்த தேதியும் இடம் மாறியதுதான் வினை.

முஸ்லிம்களுக்கு மேலே சொன்ன 1976 சட்டம் பொருந்தாது. ஜொகூரில் 2003 ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம்தான், பதிவும் மாநில சமய இலாகாவில்தான்.

ஆறு மாசம் ஏற்கனவே தாண்டிவிட்டதா? தாமதக் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வழி உண்டு. குழந்தை வரப்போகிறது என்றால் முதலில் அதை முடியுங்கள்.