இரண்டாவது அட்டை

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய 1981இல்தான் ஐபிஎம் பிசியும் வந்தது; தற்செயல்தான். அந்தப் பிசியிலிருந்து வந்த ஐஎஸ்ஏ இணைப்புத்தடத்தில் செருகிய பழைய வலையமைப்பு அட்டைக்குத் தன்னை அறிவிக்க வழி இருக்கவில்லை. ஜம்பரைப் பிடுங்கி மாற்றி, ஐஆர்க்யூ (குறுக்கீட்டு எண்) 5, போர்ட் (உள்ளீட்டு-வெளியீட்டு முகவரி) பதினாறடிமான 300 என முடிவுசெய்து, அதையே லினக்ஸைத் தொடக்கிவைக்கும் லைலோவின் அமைப்புக் கோப்பில் 'ஈதர்' வரியாக எழுத வேண்டியிருந்தது. லினக்ஸே தேடாதா என்று கேட்கலாம். தேடும், ஆனால் பழைய கெர்னல் ஓர் அட்டை கிடைத்ததும் நிறுத்திவிடும், தவறான போர்ட்டைத் தொட்டால் கணினியே உறைந்தும்விடலாம். ஆகவே கையால் எழுதியது பின்தங்கிய பழக்கம் அல்ல. இரண்டாவது அட்டையை எழுப்பி, கழித்துவிட்ட 486 கணினியை இரு வலையமைப்புகளை இணைக்கும் ரவுட்டராக்கியது அந்த ஒரு வரிதான். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள மட்டக்களப்புக்கு, போர்க்கால வீதிகளில் புதுக் கருவியை வரவழைப்பதைவிட அந்த வரியைத் தொலைபேசியில் சொல்வது எளிதாக இருந்தது.