எழுதியது நிலைத்ததா? எஸ்.எஸ்.டி. கேஷ் சோதனைகள் வளர்ந்த வழி

ஹைதராபாத்தின் வடகிழக்கில், நாச்சாரம் தொழிற்பேட்டைக்கும் ஈ.சி.ஐ.எல். நாற்சந்திக்கும் அருகே இருக்கிறது மல்லாபூர். இந்தியக் கணினித் தயாரிப்பின் தொடக்க வரலாறு இந்த வட்டாரத்தோடு பிணைந்தது. அணுசக்தித் துறையின்கீழ் 1967இல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். நிறுவனம், ஏ.எஸ். ராவின் தலைமையில், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டி.டி.சி.-12 கணினியைத் தயாரித்து விற்றது. அக்காலக் கணினிகளின் நினைவகம் காந்த வளையங்களைக் கோத்து அமைக்கப்பட்டது. மின்சாரம் நின்றாலும் அதில் இருந்த தகவல் அப்படியே இருக்கும். பின்னால் வந்த டிரேம் சில்லுகள் வேகத்தையும் மலிவையும் தந்தன. ஆனால் அந்த நிலைப்பைப் பறித்துக்கொண்டன. மெதுவான சேமிப்பகங்களுக்குக் கேஷாக, அதாவது வேகமான இடைத்தேக்கமாக, எஸ்.எஸ்.டி.யைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, சோதித்தவர்கள் நெடுங்காலம் வேகத்தையே அளந்தார்கள். காந்த வளையம் இயல்பாகவே தந்த நிலைப்பை அளக்கும் சோதனை மிகத் தாமதமாகத்தான் வந்தது.

கேஷ் என்ற கருத்து பழையது. மாரிஸ் வில்க்ஸ் 1965இல் அதை முன்வைத்தார், ஐ.பி.எம். 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85இல் அது வணிகக் கணினிக்குள் வந்தது. ஆனால் அது செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடைப்பட்ட கேஷ். நினைவகத்துக்கும் வட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் அப்படியே கிடந்தது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமான வேண்டுகோள்களில் நொடிக்கு நூறு சொச்சத்தைத்தான் முடித்துத் தரும். தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்காவின் குழு 1987இல் வெளியிட்ட, எஸ்.எஸ்.டி.க்கு அடிப்படையான நேண்ட் ஃப்ளாஷ், விலை இறங்கி இந்தப் பள்ளத்தை நிரப்ப இருபது ஆண்டுகள் ஆயின.

2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் சேமிப்பகக் கருவிகளில் செய்த பிரிவினையை நான் இந்த வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையில், படிப்பதற்கான கேஷுக்கு ஒருவகை எஸ்.எஸ்.டி., எழுதும் பதிவேட்டுக்கு வேறுவகை எஸ்.எஸ்.டி. என்று அவர்கள் பிரித்தார்கள். படிக்கும் கேஷ் அழிந்தால் நட்டமில்லை. மூலம் வட்டில் இருக்கிறது. எழுதும் பதிவேடு அழிந்தால் வாடிக்கையாளருக்கு "முடிந்தது" என்று சொன்ன வேலை காணாமல் போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகனும் ஐ.பி.எம். சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் முறை இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது: மாற்றத்தின் பதிவு முதலில் நிலையான இடத்தில் சேர வேண்டும், பிறகுதான் உறுதி சொல்லலாம். வங்கிக் கணக்கானாலும் ரயில் முன்பதிவானாலும், அந்த உறுதிச் சொல் உண்மையாக இருந்தே ஆக வேண்டும்.

கேஷ் எல்லோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கைக்கும் 2009இலேயே அடி விழுந்தது. கேம்பிரிட்ஜ் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் துஷ்யந்த் நாராயணனும் சகாக்களும் உண்மையான சர்வர்களில் பதிவான வேண்டுகோள்களை வைத்துக் கணக்கிட்டார்கள். எஸ்.எஸ்.டி.யை இடைநிலை அடுக்காக வைப்பதால் அன்றைய விலையில் செலவு குறையும் பணிச்சுமைகள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். விலை இன்று வெகுவாக இறங்கிவிட்டது. ஆனாலும் நம் சொந்தப் பணிச்சுமையைப் பதிவுசெய்து சோதிக்க வேண்டும் என்ற அவர்களுடைய வழி இன்னும் பழசாகவில்லை.

அடுத்த சிக்கல் புது டிரைவ் காட்டும் பொய்யான வேகம். ஃப்ளாஷில் எழுதிய இடத்தின்மேல் நேரடியாக எழுத முடியாது. பல பக்கங்கள் கொண்ட தொகுதியையே அழித்தாக வேண்டும். காலியான டிரைவில் அந்த வேலை இல்லாததால் வேகம் பறக்கும்; நிரம்பியதும் தளரும். சேமிப்பகத் துறையின் எஸ்.என்.ஐ.ஏ. அமைப்பின் சோதனை விதிகள் இதைச் சரிசெய்தன. முதலில் கொள்ளளவைப் போல இருமடங்கு எழுதி நிரப்ப வேண்டும். பிறகு தொடர்ந்து ஐந்து சுற்றுகளின் அளவுகள் சராசரியை ஒட்டி இருபது விழுக்காட்டு அகலத்துக்குள் அடங்கும்வரை ஓட்ட வேண்டும். அதன்பின் கிடைக்கும் எண்ணைத்தான் நம்பலாம்.

எழுதும் கேஷுக்கு அந்த எண்ணும் போதாது. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ மென்பொருளில் 4 கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பி, ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது போகும்படி கட்டளையிட்டால் டிரைவின் குணம் வெளிப்படும். அட்டைப்பெட்டியில் நொடிக்கு 500 மெகாபைட் என்று அச்சிட்ட சாதாரண டிரைவ் இங்கே ஓரிரண்டு மெகாபைட்டுக்குச் சரிவதுண்டு. காரணம் எளியது. வந்த தகவலை அது முதலில் தன் டிரேமில் வைக்கிறது. "நிலைக்கச் செய்" என்றதும் ஃப்ளாஷில் எழுதியாக வேண்டும். ஒரு பக்கத்தை எழுதவே ஒரு மில்லிநொடியை ஒட்டிய நேரம் பிடிக்கும். நொடிக்கு ஆயிரம் முறை என்றாலும் நான்கு மெகாபைட்தான். சர்வர் ரக டிரைவின் பலகையிலோ ஓரத்தில் மின்தேக்கிகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் அறுந்தாலும் டிரேமில் இருப்பதை ஃப்ளாஷில் சேர்க்குமளவு மின்னூட்டம் அவற்றில் இருப்பதால், டிரேமில் வாங்கிய உடனேயே அது நேர்மையாக "முடிந்தது" என்று சொல்லலாம். அதனால்தான் இதே சோதனையில் அது நொடிக்குப் பல்லாயிரம் முறை எழுதுகிறது.

அந்த நேர்மையைச் சோதிக்க ஒரே வழி மின்சாரத்தைப் பிடுங்குவதுதான். மாய் ஷெங்கும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிறுவனங்களின் 15 டிரைவ்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அப்படிச் செய்தார்கள். 13 டிரைவ்கள் தவறின: பாதி எழுதிய பக்கங்கள், வரிசை குலைந்த பதிவுகள், முற்றிலும் செத்துப்போன டிரைவ். அதே காலகட்டத்தில் பிரிக்கப்படாத ஆந்திரத்தின் தொழிற்பேட்டைகள் மின் விடுமுறையில் தத்தளித்தன. தமிழ்நாட்டு ஆலைகளும் மின்வெட்டில் தவித்தன. மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊர்களில் இந்தச் சோதனை முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும். யு.பி.எஸ். இருக்கிறதே என்பது பதிலாகாது. சர்வரின் பவர் சப்ளையே எரிந்தால் யு.பி.எஸ். என்ன செய்யும்?

ஆயுள் கணக்கு தனி. எழுத எழுத ஃப்ளாஷ் தேயும்; கேஷ் டிரைவின்மேலோ எழுத்துச்சுமை குவிகிறது. 400 ஜிபி டிரைவை ஐந்தாண்டுகள் தினமும் பத்து முறை முழுதாக எழுதலாம் என்ற உத்தரவாதம் 7.3 பெட்டாபைட் ஆகிறது. மேசைக் கணினி ரக டிரைவ்களின் உத்தரவாதம் இதன் சிறு பங்கே.

லினக்ஸ் 3.10இல் 2013இல் சேர்ந்த, கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் உருவாக்கிய பிகேஷ் என்ற எஸ்.எஸ்.டி. கேஷ் மென்பொருள், இயல்பு நிலையில் ஹார்ட் டிஸ்கிலும் எழுதி முடித்த பிறகே உறுதி சொல்கிறது. எஸ்.எஸ்.டி.யில் எழுதியவுடனே உறுதி சொல்லும் முறையை நாமாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவிர, 4 மெகாபைட்டைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடும் வேண்டுகோள்களை அது கேஷில் சேர்க்காமல் நேராக வட்டுக்கு அனுப்பிவிடும். பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. கேஷால் பயனில்லை என்று முடிவுகட்டுபவர் அளந்திருப்பது தன் ஹார்ட் டிஸ்கின் வேகத்தைத்தான்.