ஒரே கடை, நான்கு தவணை

ஒரே விற்பனையாளர் இருக்கும் சந்தையைப் பற்றி பி.காமில் எல்லோரும் படித்திருப்போம். பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் உதாரணம் இதோ.

நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு, 1983-லேயே 23 வகைகளைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கும் பலன் தரும் பிரெவ்னார் ஊசிக்கு அமெரிக்கா 2000-ல் அனுமதி கொடுத்தது. மொத்தம் நான்கு தவணை. தயாரித்ததோ வையத் என்ற ஒரே நிறுவனம்.

அடுத்த வருடமே தட்டுப்பாடு. 2003-ல் நிலைமை சரியானது. 2004-ல் உற்பத்தியில் மறுபடியும் சிக்கல். பிப்ரவரியில் நான்காவது தவணையை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், மார்ச்சில் மூன்றாவதையும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் நான்கும் உண்டு. ஒரு குழந்தைக்கு நான்கு போடுவதைவிட இரண்டு குழந்தைகளுக்கு இரண்டிரண்டு போடுவது மேல் என்ற கணக்குதான்.

ஜூலையில் மூன்றாவதும், செப்டம்பரில் நான்காவதும் திரும்பின. விட்டுப்போன குழந்தைகளுக்கு முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. வயதைப் பார்த்து மீதியைப் போட்டால் போதும்.

சோப்பு தீர்ந்தால் வேறு சோப்பு வாங்கலாம். அந்தப் பெற்றோருக்கு வேறு கடையே இல்லை. நண்பர்களே, போட்டி எதற்கு என்று தேர்வில் கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன்.