பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த சைலன்ஸர்

1929, மே மாதம். லண்டனுக்குத் தென்மேற்கே வேய்பிரிட்ஜ் என்கிற ஊரில் ஒரு கார் ரேஸ். மொத்தம் இருபத்து நாலு மணி நேரப் பந்தயம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். ராத்திரி எட்டு மணி ஆனதும் எல்லா கார்களையும் நிறுத்தி, ஓர் இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ரேஸ்!

இந்த விசித்திரப் பந்தயத்துக்கு 'இரட்டைப் பன்னிரண்டு' என்று பெயர். ஃபிரான்ஸில் லீ மான் என்ற ஊரில் அதே காலத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் மட்டும் என்ன கேடு வந்தது?

வேறென்ன... பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்!

ரேஸ் நடந்த இடம் புரூக்லேண்ட்ஸ். வாகனப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் பெரிய ஓடுதளம். ஹ்யூ லாக் கிங் என்ற பணக்காரர் தன் சொந்த நிலத்தில், சொந்தக் காசைப் போட்டு 1907-ல் கட்டியது. செலவு அந்தக் காலத்திலேயே ஒன்றரை லட்சம் பவுண்டு. சுமார் நாலரை கிலோமீட்டர் சுற்றளவு. வளைவுகளில் தளம் கிட்டத்தட்ட முப்பது அடி உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். முழுக்க கான்கிரீட். அதன்மேல் இன்ஜின் உறுமினால் சத்தம் எங்கே போகும்? சுற்றியிருந்த பங்களாக்களுக்குள்தான்!

திறந்த சில நாட்களிலேயே எஸ்.எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் இருபத்து நாலு மணி நேரம் தனியாளாக ஓட்டி சாதனை படைத்தார். ஓரமெல்லாம் சிவப்பு லாந்தர் விளக்குகளை வைத்து, விடிய விடிய ஓட்டினார். 1,581 மைல்! பத்திரிகைகள் பாராட்டின. அக்கம்பக்கத்தில் பாராட்டியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அங்கே குடியிருந்தவர்கள் வக்கீல் வைக்க வசதி உள்ளவர்கள். புகார், வழக்கு என்று ஆரம்பித்தது. 1920-களின் நடுவில் மறுபடி ஒரு பெரிய கேஸ். கடைசியில் ஏற்பட்ட சமாதானத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ராத்திரி ஓட்டக் கூடாது. இரண்டு, கார் ஆனாலும் மோட்டார் சைக்கிள் ஆனாலும் சைலன்ஸர் இல்லாமல் தளத்தில் இறங்கக் கூடாது.

சத்தத்தை எண்ணால் அளந்து விதி போடும் வழக்கம் அப்போது வரவில்லை. அதனால் சைலன்ஸர் இன்ன அளவில், இன்ன மாதிரி இருக்க வேண்டும் என்று டப்பாவுக்கே விதி போட்டுவிட்டார்கள். குண்டாக ஒரு தகர உருளை, அதன் பின்னால் மீன் வால் மாதிரி தட்டையாக விரிந்த குழாய். 'புரூக்லேண்ட்ஸ் கேன்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ரேஸ்காரர்கள் முணுமுணுத்தார்கள். பவர் போச்சு, வேகம் போச்சு என்று புலம்பல்.

உண்மையிலேயே போனதா? அதற்கு முன்னால், அந்த டப்பாவுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் வெடித்ததும் சூடான வாயு மிகுந்த அழுத்தத்தில் வெளியே பாய்கிறது. அதுவும் 'டப்... டப்...' என்று தவணை தவணையாக. குழாயை விட்டு வெளியே வந்ததும் காற்றில் போய் அறைகிறது. அந்த அறைதான் சத்தம். சைலன்ஸர் என்ன செய்கிறது? வாயுவை முதலில் ஓர் அகலமான அறைக்குள் விட்டு, விரிய வைத்து, தடுப்புகளில் மோத வைத்து, வேகத்தைக் குறைத்து, மெதுவாக வெளியே அனுப்புகிறது. சில வகைகளில் கண்ணாடி நார்ப் பஞ்சை அடைத்துச் சத்தத்தை உறிஞ்ச வைப்பார்கள்.

துப்பாக்கியிலும் இதே கதைதான். இங்கே ஒரு சுவாரஸ்யம் சொல்லியாக வேண்டும். நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே காது மந்தமாகிப் போனவர். அவருடைய மகன் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கிக்கு சைலன்ஸர் கண்டுபிடித்து 1909-ல் காப்புரிமை வாங்கினார்! அவருடைய கம்பெனியே பிற்பாடு இன்ஜின்களுக்கான சைலன்ஸர்களைத் தயாரித்து விற்றது. அப்பா போட்ட சத்தத்தைப் பிள்ளை அடக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வேகம் போச்சா என்று கேட்டோமே? 1937 ஜூன் 30. வால் ஹேண்ட்லி என்ற வீரர் பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் மோட்டார் சைக்கிளில் புரூக்லேண்ட்ஸில் இறங்கினார். பின்னால் அதே குண்டு டப்பா. ஒரு சுற்றை மணிக்கு 107 மைலுக்கு மேலான வேகத்தில் முடித்தார். அதாவது 170 கிலோமீட்டருக்கும் மேல்! அங்கே பந்தயத்தில் நூறு மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னத் தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். அவருக்கும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி அடுத்து விட்ட வண்டிக்கு வைத்த பெயர்தான் 'கோல்ட் ஸ்டார்'. பழைய பைக் பிரியர்கள் இன்றைக்கும் உருகுகிற அந்தப் பெயர், சைலன்ஸர் மாட்டி வாங்கிய பெயர்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சத்தத்தை அடக்க மாட்டிய அந்த மீன் வால் டப்பாவை, பந்தயத்துக்கே போகாத இளைஞர்களும் காசு கொடுத்து வாங்கித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். ரேஸ் வண்டி மாதிரி இருக்குமாம்!

இரண்டாம் உலகப் போரோடு புரூக்லேண்ட்ஸ் ரேஸ் முடிந்தது. ஆனால், தெருவில் பைக்குகள் பெருகின. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது ஊர் முழுக்க இருந்தார். டப்பாவுக்கு விதி போட்டால் போதாது, சத்தத்தையே அளக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அறுபதுகளில் அதற்கென ஒரு முறை வகுத்தார்கள். பைக் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகுவார். பாதையின் நடுவிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக் அதிகபட்ச சத்தத்தைப் பதிவு செய்யும். இதுதான் அடிப்படை. நுணுக்கங்கள் பிற்பாடு மாறின.

இந்தியாவில் 2003 முதல் வந்த வரம்பும் இப்படி அளப்பதுதான். புது பைக் 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. "அட, வெறும் அஞ்சு டெசிபல்தானே வித்தியாசம்" என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கு நம் மளிகைக்கடைக் கணக்கு இல்லை. 77 டெசிபல் பைக் இரண்டை ஒன்றாக ஓட்டினால் 154 வராது, 80 வரும்! மூன்று டெசிபல் கூடினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. அதேபோல், சைலன்ஸர் பக்கத்தில் செல்ஃபோனைப் பிடித்து "தொண்ணூறு காட்டுதே, வண்டி தப்பு" என்று சொல்வதும் சரியில்லை. சட்டம் சொல்லும் எண் ஏழரை மீட்டர் தள்ளி எடுத்தது. குழாய்க்கு அரை மீட்டரில், வண்டியை நிறுத்தி வைத்து எடுக்கும் அளவு வேறு. அது அதிகமாகத்தான் இருக்கும்.

கடையில் தனியாக வாங்கி மாட்டும் சைலன்ஸருக்கு இங்கிலாந்து கண்டுபிடித்த வழி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ரோட்டில் போகிறவனை மட்டும் பிடித்தால் போதுமா? 1987-ல் போட்ட சட்டம் விற்பவனையே பிடித்தது. விதிக்கு உட்படாத சைலன்ஸரை விற்றால் குற்றம். அங்கீகாரம் பெற்றதில் முத்திரை இருக்கும். பந்தயத்துக்கு மட்டுமானதில் 'சாலையில் பயன்படுத்த அல்ல' என்று பொறித்திருக்க வேண்டும். வாங்குகிறவர் தெரியாமல் மாட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

நம்மூரில் சுமை பெரும்பாலும் ஓட்டுகிறவர் தலையில். சாலைச் சத்த விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். விதிக்கு மாறாக வண்டியில் பாகங்களை மாற்றினால் அதற்குத் தனியாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம். பிடிபட்ட சைலன்ஸர்களை வரிசையாக அடுக்கி, போலீஸ்காரர்கள் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். அப்படி நசுங்கியவற்றில் புல்லட்டுக்கென்று வாங்கியவை நிறைய. புல்லட்டும் இங்கிலாந்திலிருந்து வந்த வண்டிதான். 1955-லிருந்து நம் திருவொற்றியூரில் செட்டில் ஆகிவிட்டது!

அதனால், புதுசு மாற்றுவதென்றால் மெக்கானிக் காதில் கேட்டுச் சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் மாடலுக்கென்று சோதனை செய்து அங்கீகரித்ததா என்று கேளுங்கள். உள்ளே கழற்றக்கூடிய ஒரு தடுப்புக் குழாய் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். அது இருக்கும்போது வாங்கிய அங்கீகாரம், கழற்றிய பிறகு செல்லாது. டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. அதில் சைலன்ஸருக்குள் இருக்கும் வடிவமே இன்ஜினுக்கு வேலை செய்கிறது. எரியாமல் தப்பி வரும் பெட்ரோல் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளுவதே அந்த வடிவம்தான். உள்ளதைப் பிடுங்கிப் போட்டால் சத்தம் கூடும், இழுவை குறையும்!

எல்லாம் சட்டப்படி இருந்தால் பிரச்னை முடிந்ததா? ஆஸ்திரியாவில் டிரோல் என்று ஒரு மலைப் பிரதேசம். வளைந்து வளைந்து போகும் அழகான சாலைகள். கோடை வந்தால் ஐரோப்பா முழுவதிலுமிருந்து பைக்குகள் வந்து குவியும். கிராமத்துக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். 2020 ஜூனில் அங்கே ராய்ட்டே மாவட்டத்தின் சில சாலைகளில் ஒரு தடை வந்தது. ஆர்.சி-யில் நின்ற நிலைச் சத்தம் 95 டெசிபலுக்கு மேல் என்று குறித்திருந்தால் அந்தச் சாலையில் கோடை முழுக்க நுழையக் கூடாது. கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு ஸ்க்ரூகூட மாற்றாமல், எல்லா முத்திரையும் உள்ள வண்டியாக இருந்தாலும் சரி. எல்லையில் போலீஸ்காரர் காது கொடுத்துக் கேட்பதில்லை. புத்தகத்தை வாங்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறார்.