தொப்புள்கொடி ரத்தமும் ஒரு லாக்கர் கணக்கும்

போன வாரம் சாந்தன்பாறையிலிருந்து தங்கச்சி மகள் போன். ஏழாவது மாசம். "மாமா, தொப்புள்கொடி ரத்தத்தை பேங்க்ல போட்டு வைக்கணுமாம், ஆள் வந்து சொன்னாங்க. கட்டலாமா?"

பேங்க் என்றாலே என்னைத்தான் கேட்பார்கள் :-) நான் படித்தது பி.காம். இருந்தாலும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

எங்க பக்கத்துப் பாட்டிமார், காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவார்கள். ரத்தம் குப்பைக்குத்தான். அது உயிர் காக்கும் என்று 1988 அக்டோபரில் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் தெரிந்தது. ஃபான்கோனி ரத்தசோகை உள்ள ஐந்து வயது அமெரிக்கப் பையன். எலும்பு மஜ்ஜை கொஞ்சம் கொஞ்சமாக வேலை நிறுத்தம் செய்கிற பரம்பரை நோய். அப்போதுதான் பிறந்திருந்த தங்கையின் கொடி ரத்தத்தை எலியான் குளுக்மேன் குழு அவனுக்கு ஏற்றியது. பிழைத்தான், வளர்ந்து பெரிய ஆளும் ஆனான்.

வேடிக்கை என்னன்னா, அந்த ரத்தத்தைச் சுத்தம் பண்ணவே இல்லை! இண்டியானாவில் ஹால் ப்ராக்ஸ்மையர், சிவப்பணுவைப் பிரித்தாலும் சரி, உருக்கியபின் கழுவினாலும் சரி, ஸ்டெம்செல் ஏராளமாக வீணாவதைக் கண்டு, வந்தது வந்தபடியே உறையவைத்து அனுப்பினார். ஆயிரக்கணக்கில் சேர்த்தால் இப்படி வைக்க இடம் ஏது? 1995ல் நியூயார்க் ரத்த மையத்தின் பாப்லோ ரூபின்ஸ்டீன் குழு வழி சொன்னது. ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்தால் சிவப்பணு அடியில் படியும். மேலே நிற்பதைச் சுழற்றி எடுத்து 20 மில்லியாகச் சுருக்கலாம். டிஎம்எஸ்ஓ கலந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிடலாம்.

அது பொது வங்கி. தானமாக வாங்கி, பொருந்துகிறவருக்குக் கொடுப்பது. சென்னையில் ஜீவன் 2008ல் அப்படி ஒன்று தொடங்கியது. வெளிநாட்டுப் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சத்தவரே அதிகம் என்பதால், நம் பிள்ளைக்குப் பொருத்தம் கிடைப்பது கஷ்டம். அதனால் நம்மவர் தானம் நமக்கு ரொம்ப முக்கியம்.

தனியார் வங்கி நம்ம லாக்கர் மாதிரி. வாடகை உண்டு, நகை நமக்கு மட்டும். ஆனால் தலசீமியா போன்ற பிறவி நோய் என்றால், அந்தப் பிள்ளையின் சொந்த ரத்தத்திலும் அதே கோளாறுதானே! பாரிஸ் பையனுக்கும் தங்கை ரத்தம்தானே உதவியது. சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதை ஐ.சி.எம்.ஆரும் 2017 வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை.

திருப்பிக் கூப்பிட்டேன். "குடும்பத்துல யாருக்காவது ரத்த நோய் இருக்காம்மா?"

"இல்ல மாமா."

"அப்ப கட்டாதே. கொடியை ஒரு நிமிஷமாவது விட்டு வெட்ட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளு. அந்த ரத்தம் பிள்ளைக்கே போகட்டும், இரும்புச்சத்து."

"தாயத்து?"

"அதை உங்கம்மாகிட்ட கேளு."