அல்பேர்ட்டன் என்றொரு குறிச்சி

லண்டனில் வாழும் நம்மவர்க்கு அல்பேர்ட்டன் புதிய பெயரன்று. ஈழபதீஸ்வரர் ஆலயம் அமைந்துள்ள இடமென்றும், ஈலிங் வீதியின் சேலைக் கடைகளுக்குச் செல்லும் வழியென்றும் ரொறன்ரோவிலிருந்து வருவோர்கூட அதனை அறிவர். அங்கு சென்றிருந்த வேளை இருவகைப் பேச்சு என் காதில் விழுந்தது. வெள்ளையரின் கிராமமொன்றை நாமே நகராக்கினோம் என்பது நம்மவர் சிலரின் பெருமை. வந்தேறிகளால் தமது கிராமம் அழிந்தது என்பது வேறு சிலரின் முறைப்பாடு. வரலாற்றை நோக்கினால் இரண்டிற்குமே ஆதாரமில்லை.

1199ஆம் ஆண்டிலேயே இவ்வூரின் பெயர் எழுத்தில் வந்துவிட்டது. சாக்சன் குடியானவர் ஒருவரின் பண்ணை என்பதே அதன் பொருள். பெயரின் ஈற்றிலுள்ள 'டன்' யாழ்ப்பாணத்தார் கூறும் 'வளவு' என்பதற்கு ஏறத்தாழ ஒப்பானது. ஹரோ என்னும் பெரிய திருச்சபைப் பங்கினுள் அடங்கிய சிறு குறிச்சியாகவே அது பல நூற்றாண்டுகள் கிடந்தது. லண்டன் நகரக் குதிரைகளுக்கான உலர்புல் விளைந்த மிடில்செக்ஸ் மாவட்டத்தின் ஒரு மூலை, அவ்வளவுதான்.

அந்தக் கிராமத்தை மாற்றத் தொடங்கியது 1801இல் திறக்கப்பட்ட கால்வாய். கிராண்ட் ஜங்ஷன் கால்வாயின் பாடிங்ரன் கிளை அல்பேர்ட்டன் வயல்களை ஊடறுத்துச் சென்றது. வயலுக்கடியில் இருந்ததோ நல்ல களிமண். பெருகிவந்த தலைநகருக்குச் செங்கல்லும் ஓடும் வேண்டியிருந்தன. மண்ணை வெட்டிச் சூளையிலிட்டுப் படகிலேற்றினார்கள். செங்கல்லுடன் சென்ற படகுகள் நகரத்தின் சாம்பலையும் குப்பையையும் சுமந்து திரும்பின. ஒரு கிராமம் தன் மண்ணையே விற்றுப் பிறரின் வீடுகளாகியது என்று கூறினால் அது மிகையன்று. செம்மணியில் உப்பளம் பார்த்தவர்களுக்கும் சுன்னாகத்தில் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளைக் கண்டவர்களுக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது புகையிரதம். 1903 யூன் மாதத்தில் டிஸ்றிக்ற் கம்பனி தனது மின்சாரப் பாதையை சவுத் ஹரோ வரை நீட்டியபோது இங்கு ஒரு நிலையம் அமைந்தது. அப்போது அதன் பெயர் பெரிவேல்-அல்பேர்ட்டன். 1910இல் பெரிவேல் கழன்றுபோயிற்று. 1932இல் பிக்காடிலி பாதை வந்து சேர்ந்தது. இரு உலகப் போர்களுக்கிடையே வீடுகளும் தொழிற்சாலைகளும் வயல்களை மூடின. 1951ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவில் காட்சிக்கு வைக்கப்பட்ட நகரும் படிக்கட்டொன்றை 1955இல் இந்நிலையத்தில் பொருத்தினார்கள். 1988இல் அது நின்றுபோய்ச் சுவருக்குப் பின்னால் மறைந்தது. நாள்தோறும் அருகே படியேறுவோருள் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

ஆக, 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபின் குஜராத்தியர் பலர் வெம்பிளிப் பகுதியில் குடியேறிய காலத்திலோ, 1983 யூலைக்குப் பின் நம்மவர் பெருமளவில் வரத் தொடங்கிய காலத்திலோ அங்கே கிராமமென்று எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தது வரிசை வீடுகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஒரு புறநகருக்கே. வாடகை தாங்கக்கூடியதாயிருந்தது, வேலைக்குப் போகப் பாதையிருந்தது. பழைய குடியிருப்பாளர் பலரின் பாட்டன்மாரும் அதே புகையிரதத்தை நம்பி வேறிடங்களிலிருந்து வந்தவர்களே. இதை இருதரப்பினரும் சொல்லக் காணோம்.

இப்போது கால்வாய்க் கரையில், தொழிற்சாலைகள் நின்ற நிலத்தில், அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கின்றன. பாடிங்ரன் பக்கமிருந்து வரும் படகுகளில் இன்று செங்கல் இல்லை. விடுமுறைக்காரர்களும், படகையே வீடாக்கிக்கொண்டவர்களும்தான்.